கிளினிக்குக்குப் போகும் பஸ்

போன ஆவணியில் ஐந்து கிழமை லீவில் ஊருக்குப் போயிருந்தேன். நல்லூர்த் திருவிழா, இரண்டு கலியாண வீடு, ஒரு காணி உறுதி அலுவல் என்று திட்டம் போட்டுத்தான் போனது. அதில் பாதியும் நடக்கவில்லை. லீவின் பெரும்பகுதி பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், தங்கச்சியின் மகளோடு பஸ்ஸுக்குக் காத்து நின்றதிலேயே போய்விட்டது. கனடாவில் ஸ்காபரோவுக்குத் திரும்பி வந்ததும் நாலைந்து பேர், பயமும் பதற்றமும் பிடித்து அலையும் தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காக, “அங்கை இதுக்கெல்லாம் ஏதும் வசதி இருக்கோ?” என்று கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பிள்ளைக்கு 24 வயது. 2009இல் எட்டு. அந்த வருடம் ஜனவரி 2இல் கிளிநொச்சி விழுந்த பிறகு சனம் இந்த வீதியால்தான் கிழக்கே நகர்ந்தது. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, கடைசியில் முள்ளிவாய்க்கால். அங்கிருந்து வெளியே வந்தவர்களைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு, செட்டிகுளம் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். தங்கச்சியும் பிள்ளையும் அப்படி ஒரு பஸ்ஸில் போனவர்கள். தகப்பன் அப்போது அவர்களோடு இல்லை. அதற்கு முந்திய மாதமே இல்லை.

பள்ளிக்கூடக் காலம் முழுக்க அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை. சைக்கிளில் போய் சைக்கிளில் வந்தவள். ஏ.எல். முடித்து யாழ்ப்பாணத்தில் கணக்கியல் படிக்கப் போனபோதுதான் தொடங்கியது. பஸ் நிறைந்து, கொண்டக்டர் “உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ” என்று கத்தத் தொடங்கினால் நெஞ்சு அடைக்கும், விரல் விறைக்கும், செத்துப்போவேன் என்று வரும். ஒருநாள் ஆனையிறவில் நடு வெயிலுக்குள் இறங்கி, அடுத்த பஸ்ஸிலும் ஏற முடியாமல், தாய்க்கு அழுது போன் எடுத்திருக்கிறாள். அதோடு படிப்பு நின்றது.

ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சாப்பிடுகிறாளில்லை, கண்ணூறு, ஒரு கலியாணத்தைச் செய்துவைத்தால் எல்லாம் சரி. கையில் கோவில் நூல் கட்டியிருந்தது. நூலை நான் பழிக்கமாட்டேன். அதைக் கட்டிய அன்று இரவு விடியும்வரை நித்திரை கொண்டாளாம்.

முதல் பிழை நான் விட்டதுதான். வெளிநாட்டிலிருந்து வந்தவள், காசு கொடுத்தால் நல்ல வைத்தியம் கிடைக்கும் என்ற நினைப்பு. வான் பிடித்து யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் இடத்துக்குக் கூட்டிப்போனேன், பெயர் வேண்டாம். இரண்டரை மணித்தியாலம் காத்திருந்து உள்ளே போனால் ஐந்து நிமிடம். கதவு பாதி திறந்தபடி, அடுத்த நோயாளி கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பிள்ளையிடம் ஒரு கேள்வி, மீதி எல்லாம் என்னிடம்: கனடாவில் எந்த இடம், எத்தனை வருசம். நித்திரைக் குளிசை எழுதித் தந்தார்கள். திரும்பி வரும்போது பிள்ளை வானில் ஒரு சொல்லும் பேசவில்லை.

பிறகு ஊர் மருத்துவமாது சொல்லித்தான் அரச ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனோம். காலையில் துண்டு எடுத்து, வாங்கில் இருந்து, பெயர் கூப்பிட்டதும் போகவேண்டும். ஒரு எக்ஸர்சைஸ் கொப்பி நாங்களே வாங்கிக்கொண்டு போகவேண்டும், அதுதான் கிளினிக் கொப்பி. பார்ப்பதற்கும் மருந்துக்கும் ஒரு சதமும் இல்லை. டொக்டர் ஒரு இளம் பெண். செர்ட்ரலின் என்று பதற்றத்துக்குக் கொடுக்கும் குளிசை எழுதினார். வேலை செய்ய இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும் என்றும், முதல் கிழமை பதற்றம் கொஞ்சம் கூடினாலும் கூடும், பயந்து நிறுத்திவிடவேண்டாம் என்றும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நித்திரைக் குளிசையைப் பற்றியும் சொன்னார்: அது அந்த நேரத்துக்கு அமத்தும், பழக்கமானால் விடுவது பாடு.

அவர் அனுப்பிய அடுத்த அறையில்தான் உளவளத்துணையாளர். நாற்பது வயது மதிக்கத்தக்க பெண், மேசையில் தண்ணீர்ப் போத்தலும் ஒரு பழைய நாட்குறிப்பும். முக்கால் மணித்தியாலம் இருந்தோம். அவர் அந்த நோய்க்குச் சொன்ன பெயர் ‘பதகளிப்பு’. எனக்கு உடனே அம்மாவின் குரல் வந்தது. “ஏன் பிள்ளை பதகளிக்கிறாய்?” என்று சின்ன வயதில் எத்தனை தரம் கேட்டிருப்பா. ஸ்காபரோவில் என் மகனுக்கும் இதே கரைச்சல் வந்தது. அவன் ‘அங்ஸைட்டி’ என்பான், நான் தலையாட்டுவேன், ஆனால் அந்தச் சொல் எனக்குள் எங்கும் போய் இறங்கியதில்லை. இரண்டு வருடம் கழித்து இந்த அறையில் இருந்துதான் அவன் சொன்னது விளங்கியது.

அவர் விளக்கியதில் ஒன்றை இங்கே எழுதத்தான் வேண்டும். பிள்ளை, மூச்சு எடுக்க முடியாமல் போகுது என்றாள். “இல்லையம்மா, காத்து கூடத்தான் போகுது. நீங்கள் பயத்திலை கெதிகெதியா இழுக்கிறியள், அதாலைதான் விரல் விறைக்குது. இழுக்கிறதை விடுங்கோ, விடுறதை நீட்டுங்கோ.” மேசையில் விரலால் தட்டி எண்ணினார்: மூன்று எண்ணி இழு, ஆறு எண்ணி விடு. பிள்ளையோடு சேர்ந்து நானும் செய்தேன்.

“அந்த நாளையில் நடந்ததெல்லாம் கேட்பீங்களோ?” என்று நான் கேட்டேன். அதுதான் என் பயம். “அவ சொல்லேக்கை கேப்பன், அக்கா. இப்ப பஸ்ஸைப் பாப்பம்.”

பஸ்ஸைப் பார்ப்பது என்றால் என்னவென்றால், கொப்பியின் பின்பக்கத்தில் ஏணி மாதிரி ஒரு பட்டியல். பஸ் தரிப்பிடத்தில் பத்து நிமிடம் நிற்பது. நிற்கும் பஸ்ஸில் ஏறி இறங்குவது. சனமில்லாத நேரம் ஒரு தரிப்பிடம் போவது. கடைசிப் படி, காலை ஏழு மணிப் பஸ். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பயத்துக்கு நூற்றுக்கு எத்தனை புள்ளி என்று அவளே எழுதினாள். பயம் வந்ததும் இறங்கி ஓடக்கூடாது, அது உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும்வரை இருக்கவேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம். ஓடினால் பயத்துக்குத்தான் வெற்றி.

தங்கச்சி இதெல்லாம் நடக்கும்போது மூலையில் இருந்தாள். அவளுக்கு ஒரு பழக்கம், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பெருமூச்சு விடுவாள். வீட்டில் நாங்கள் யாரும் அதைக் கவனிப்பதே இல்லை. உளவளத்துணையாளர் திரும்பிப் பார்த்தார். “இந்தப் பெருமூச்சு எத்தினை வருசமா, அம்மா?” தங்கச்சி பதில் சொல்லவில்லை. சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த கிழமையிலிருந்து அவளுக்கும் ஒரு கொப்பி. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வேலைசெய்த மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம், காயப்பட்டது தனி ஆட்கள் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் சேர்ந்துதான் என்று எழுதிவந்தவர். அதை முன்பே வாசித்திருக்கிறேன். என் தங்கச்சியைப் பற்றித்தான் என்று அப்போது தோன்றவில்லை.

இனிக் காசுக் கணக்கு. ஒன்ராறியோவில் மனநல வைத்தியருக்கு ஓஹிப், அதுதான் மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி, கட்டும், வெளியே இருக்கும் உளவளத்துணையாளருக்குக் கட்டாது. மகனுக்கு ஒரு அமர்வுக்கு 150 டொலர், என் வேலையிடத்து இன்சூரன்ஸ் ஆறாவது அமர்வோடு முடிந்தது. ஊரில் இலவசம். ஆனால் இலவசத்துக்கு வேறு விலை. தங்கச்சி தையல் கடையில் நாட்கூலிக்கு வேலை செய்பவள், கிளினிக் நாளில் கூலி இல்லை. ஓட்டோவில் போய்வர அவளின் ஒரு நாள் கூலி காணாது. பஸ்ஸில் போகலாம், ஆனால் பஸ் ஏற முடியாததுதானே வருத்தமே! வழியில் கண்டவர்கள் “எங்கை, கிளினிக்குக்கோ? என்ன வருத்தம்?” என்று கேட்பதற்கும் ஒரு பதில் வைத்திருக்கவேண்டும். தங்கச்சி “பல்லு” என்று சொல்லிவந்தாள். ஐந்து கிழமையில் அந்தப் பிள்ளைக்கு இருந்த பல்லெல்லாம் தீர்ந்திருக்கும்.

அதனால் காசு அனுப்ப விரும்புகிறவர்கள் பெரிய ஆஸ்பத்திரிச் செலவு என்று நினைக்கவேண்டாம். ஓட்டோக் காசும், அந்த நாள் கூலியும், கூடப் போக ஒரு ஆளும்தான் தேவை. நடுராத்திரியில் யாரோடாவது கதைக்கவேண்டும் என்றால் 1926 இருக்கிறது, அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், நாள் முழுக்கத் திறந்திருக்கும். பிரதேச செயலகங்களிலும் உளவளத்துணைக்கு உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், முதலில் அங்கே விசாரித்தாலும் வழி காட்டுவார்கள்.

நான் வெளிக்கிடுவதற்கு முந்திய வெள்ளி, நாலாவது படி. பின்னேரப் பஸ், சிவப்பு, அவ்வளவு சனமில்லை. அவள் தனியாக ஏறினாள், நான் ஓட்டோவில் பின்னால். மூன்று தரிப்பிடம் போவதாக ஒப்பந்தம். இரண்டாவதிலேயே இறங்கி வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓட்டோக்காரத் தம்பி ஒன்றும் கேட்காமல் எஞ்சினை நிற்பாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, “பெரியம்மா, எழுபது வந்தது, பிறகு நாப்பதுக்கு இறங்கினது. அப்பதான் நானும் இறங்கினன்” என்றாள். கொப்பியில் அப்படியே எழுதினாள்.

இப்போது வட்ஸ்அப்பில் எனக்கு வருவதெல்லாம் பஸ் நேரங்கள்தான். நேற்றையது: “7.10 சரியான சனம், விட்டிட்டன். 7.50க்கு நிக்கிறன்.”