‘லீஸ்டு லைன் மாதிரி’ என்று யாராவது வந்தால் முன்பணம் கொடுக்காதீர்கள்

கொல்லிமலையில் மிளகும் காப்பியும் வாங்கி, காயவைத்து, தரம் பிரித்து, பாக்கெட் போட்டு அனுப்புகிற சின்னத் தொழில் எனக்கு. செம்மேட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் குடோன். போன ஏப்ரலில் நெட் இணைப்புக்காக 46,320 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். வெட்கமாக இருந்ததால் இத்தனை நாள் வெளியே சொல்லவில்லை. இப்போது ஏன் சொல்கிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மிளகு விற்கிறவனுக்கு நெட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பெங்களூருக்கு 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போனால், ஜிஎஸ்டிக்காக நெட்டில் எடுக்கிற சரக்குச் சீட்டான இ-வே பில் இல்லாமல் வண்டி கிளம்பக் கூடாது. இப்போதைய விலைக்கு இரண்டு மூட்டை மிளகு ஏற்றினாலே அந்தத் தொகை தாண்டிவிடும். கூரியர் லேபிள், ஜிஎஸ்டி ரிட்டர்ன், வருகிற ஆர்டர் எல்லாமே நெட்டில்தான். செல்போன் சிக்னலோ குடோன் வாசலில் ஒரு கோடு, உள்ளே வந்தால் அதுவும் இல்லை. 2011-இல் ஒப்புதல் கிடைத்த மத்திய அரசுத் திட்டம்தான் இன்றைய பாரத்நெட். அது நெட்டுக்கான கண்ணாடி இழையை, அதாவது ஃபைபரை, ஊராட்சி வரை கொண்டுவருவதற்கானது. எங்கள் ஊராட்சி அலுவலகத்திலிருந்து என் குடோன் 3 கிலோமீட்டர். அந்த 3 கிலோமீட்டரை வைத்துத்தான் சிலர் பிழைக்கிறார்கள்.

அந்தத் தம்பி பைக்கில் வந்தான். வயது முப்பதுக்குள். நேராக மொட்டை மாடிக்கு ஏறி, கையை நெற்றியில் வைத்துத் தெற்கே பார்த்துவிட்டு, “அண்ணா, சூப்பர் லொக்கேஷன். 50 எம்பிபிஎஸ் பிசினஸ் பிளான் போட்டுத் தர்றேன். லீஸ்டு லைன் மாதிரி” என்றான். அந்த ‘மாதிரி’யை நான் அப்போது காதில் வாங்கவில்லை. உண்மையான லீஸ்டு லைன் என்றால் அந்த வேகம் முழுக்க நமக்கே, அப்லோடும் டவுன்லோடும் ஒரே அளவு, இத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்வோம் என்று எழுத்தில் ஒப்பந்தம் இருக்கும். விலையும் அதற்கேற்ப இருக்கும். மாதம் 2,000 ரூபாய்க்கு அது வராது என்று இப்போது தெரிகிறது.

கம்பம், டிஷ், வேலைக்கூலி எல்லாம் சேர்த்து 18,000. வருடக் கட்டணம் 24,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 4,320. மாதாமாதம் கட்டுகிறேனே என்றதற்கு, “மலைக்கு மாசம் மாசம் ஏறி வர முடியாதுங்கண்ணா” என்றான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஜிபேயில் அனுப்புகிற காலத்தில் எதற்கு ஏறி வர வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீல அட்டை போட்ட ரசீதுப் புத்தகத்தில் கிழித்துக் கொடுத்தான். காலை 11 மணிக்குத் தன் போனில் ஸ்பீடு டெஸ்ட் ஓட்டி 48 என்று காட்டினான். எனக்கு ஒரே சந்தோஷம்.

ஒரு மாதம் ஓடியது. ஜூனில் மழை தொடங்கியதும் தடுமாற ஆரம்பித்தது. மழையால்தான் என்று அவனும் சொன்னான், நானும் நம்பினேன். விஷயம் மழை இல்லை, மரம். எங்களுக்கும் மலை விளிம்புக்கும் நடுவே ஒருவருடைய சில்வர் ஓக் தோப்பு. டிஷ் மாட்டிய நேரத்தில் மிளகுக் கொடிக்கு வெயில் படக் கிளை கழித்து மொட்டையாக விட்டிருந்தார்கள். மழை விழுந்ததும் துளிர்த்துவிட்டது. வயர் இல்லாமல் டிஷ்ஷிலிருந்து டிஷ்ஷுக்கு வருகிற இந்த ரேடியோ அலைக்கு நேர்ப்பார்வை வேண்டும். ஈர இலை நிறைந்த தோப்பு குறுக்கே நின்றால் அது பெரும்பகுதியைத் தின்றுவிடும். தொழில் தெரிந்தவன் மரம் வளரும் என்று கணக்குப் போட்டுக் கம்பத்தை உயர்த்தியிருப்பான்.

மழை இல்லாத நாளிலும் சாயங்காலம் ஏழு மணியானால் படுத்துவிடும். 2023 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் பிராட்பேண்ட் என்று சொல்லவே குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேண்டும். அதற்கு முன்னால் 512 கேபிபிஎஸ், அதாவது அதில் கால் பங்கு, போதும். எனக்கு ராத்திரியில் வந்தது அந்தப் பழைய கணக்குக்கும் கீழே.

ஆடியில் வல்வில் ஓரி விழா சமயம். செம்மேடு முழுக்கக் கூட்டம், செல்போன் சிக்னல் சுத்தமாகத் திணறிவிட்டது. குடோன் வாசலில் மினி லாரி லோடு ஏற்றி நிற்கிறது. இ-வே பில் பக்கம் திறக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. டிரைவர் எழுபது கொண்டை ஊசி வளைவையும் இருட்டுவதற்குள் இறங்க வேண்டும் என்று முனகுகிறார். என் மகன் மடிக்கணினியை முதுகில் கட்டிக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற வளைவு வரை பைக்கில் போய், பாறைமேல் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டு வந்தான். லாரி கிளம்ப மணி ஒன்பதரை. தம்பிக்கு அன்று பதினோரு முறை அடித்தேன். எடுக்கவில்லை.

மறுநாள் ஸ்பீடு டெஸ்ட் பக்கத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கீழே சின்ன எழுத்தில் வேறொரு கம்பெனியின் பெயர் கண்ணில் பட்டது. அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். என் பெயரில் இணைப்பே இல்லை என்றார்கள். அன்றைக்கே ஆடிட்டரிடம் ரசீதைக் காட்டினேன். அவர் பேனா முனையால் ஜிஎஸ்டி எண்ணை ஒவ்வொன்றாக எண்ணினார். “என்னங்க இது, பதினாலுதான் இருக்கு. பதினஞ்சு இருக்கணுமே.” ஆக, நான் கட்டிய 4,320 வரியே இல்லை. எந்த எண்ணையும் ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பார்க்க அரை நிமிஷம்தான் ஆகும். நம் மாநில எண் 33 என்று தொடங்கும். பணம் கொடுப்பதற்கு முன்னால் நான் செய்திருக்க வேண்டிய வேலை.

அப்புறம் விசாரித்துக்கொண்டே அடிவாரத்துக்கு இறங்கினேன். ஒரு ஓட்டு வீட்டை ஒட்டிய மாடி. அங்கே, வயிற்றைக் கிழித்துக் கவிழ்த்துவைத்த ஒரு ரோஸ் கலர் பிளாஸ்டிக் குடத்துக்குள், சாதாரண வீட்டு ஃபைபர் பெட்டி ஒன்று பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து ஒரு வயர் டிஷ்ஷுக்கு. மலை விளிம்பில் ஒரு தண்ணீர்த் தொட்டிமேல் இன்னொரு டிஷ், அங்கிருந்து எங்களுக்கு. என் ‘பிசினஸ் பிளான்’ அவ்வளவுதான். வீட்டுக்காரப் பெரியவர், “மாசம் ஐநூறு தர்றாங்க சாமி, மாடில வெச்சுக்கறாங்க. உங்களாட்டம் பத்துப் பேருக்கு மேல வந்து கேட்டுட்டாங்க” என்றார். ஒரு வீட்டு இணைப்பை அத்தனை பேருக்குப் பிரித்து விற்றிருக்கிறான்.

தம்பியை ஒரு வழியாகப் பிடித்தபோது, “இது பிஎம்-வாணி அண்ணா, லைசென்ஸ் வேண்டாம்” என்றான். 2020 டிசம்பரில் வந்த அந்தப் பொது வைஃபை திட்டத்தில் கடைக்காரர் உரிமம் இல்லாமல் வைஃபை விற்கலாம் என்பது நிஜம்தான். ஆனால் அவருக்கு மேலே தொலைத்தொடர்புத் துறையில் பதிவுபெற்ற நிறுவனம் ஒன்று இருக்க வேண்டும். இவனுக்கு அப்படி யாரும் இல்லை. மற்றபடி நெட் விற்க உரிமம் வேண்டும், உரிமம் உள்ளவர்கள் பட்டியல் துறையின் இணையதளத்திலேயே கிடக்கிறது.

புகார் கொடுக்கப் போனால்தான் முழு வலியும் தெரியும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை. முதலில் கம்பெனியிடம் புகார் எண் வாங்க வேண்டும், பிறகு அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரி. நானோ எந்தக் கம்பெனிக்கும் வாடிக்கையாளன் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்தேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, நாம் இருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு முடிச்சு: வியாபாரத்துக்காக வாங்கிய சேவை என்றால் நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவருக்கு விலக்கு உண்டு. அதைப் பிடித்துக்கொண்டுதான் மனு எழுதியிருக்கிறேன். ரசீதும், தேதி வாரியாக எடுத்துவைத்த ஸ்பீடு டெஸ்ட் படங்களும் இணைத்திருக்கிறேன்.

இப்போதைக்கு அதே கம்பத்தில் சிம் போடுகிற வெளிப்புற ரவுட்டர் ஒன்று மாட்டி ஓட்டுகிறேன். 12 எம்பிபிஎஸ் வருகிறது. பில் போட அது தாராளம். இணைப்பு என் பெயரில், வாடிக்கையாளர் எண்ணோடு, மாதாமாதம் கட்டுகிறேன். இந்த முறை ராத்திரி எட்டு மணிக்கு, என் போனில், மூன்று நாள் சோதித்த பிறகுதான் பணம் கொடுத்தேன்.

சரி, இன்றைக்கு எழுதக் காரணம். நேற்று பக்கத்து ஊரில் தங்கும் விடுதி நடத்துகிற நண்பர் கூப்பிட்டார். யாரோ ஒரு பையன் வந்து மாடியில் நின்று பார்த்துவிட்டுப் போனானாம், லீஸ்டு லைன் மாதிரி போட்டுத் தருகிறேன் என்றானாம், வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடியாம். கம்பெனிப் பெயர் வேறு, போன் நம்பர் வேறு. ரசீதுப் புத்தகம் என்ன கலர் என்று கேட்டேன். நீலம் என்றார்.