மோடம் போயிடுச்சு என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

நாலு மாதம், ஏழு கம்ப்ளைன்ட், இரண்டு மோடம். இத்தனைக்கும் காரணம், வெளிச்சுவரில் இருந்த சின்னப் பெட்டிக்குள் கையால் முறுக்கி டேப் சுற்றிவிட்ட ஒரு வயர் ஜாயின்ட். அதைச் சரிசெய்ய இருபது நிமிடம்தான் ஆனது. இடைப்பட்ட காலத்தில் எதற்கெல்லாம் பணம் கொடுத்தேன், எதையெல்லாம் நம்பினேன் என்று எழுதிவைக்கிறேன். இன்னும் தொலைபேசி வயர் வழியாக டி.எஸ்.எல். இணையம் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம்.

இணைப்பு கொடுக்க வந்தவர் அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார். மோடம் லைட் எரிந்தது, மொபைலில் ஒரு பக்கம் திறந்தது, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார். அவர் போன பிறகு பார்த்தால் ஸ்பிளிட்டர் உறை பிரிக்காமல் மேஜைமேல் கிடக்கிறது. குரல் போவது 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே. இணையம் போவது ஏறக்குறைய 26 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி அதற்கு மேலே. இரண்டையும் பிரித்துவிடத்தான் அந்தச் சின்ன டப்பா. அது இல்லாவிட்டால் போன் அடிக்கும்போதெல்லாம் இணையம் விழும். நல்லவேளை, அதில் ‘லைன்’, ‘போன்’, ‘மோடம்’ என்று மூன்று துளைக்கும் பெயர் போட்டிருந்தது. நானே மாட்டிக்கொண்டேன். முதல் நாளே மனசு ஒரு மாதிரி இருந்தது. அப்போதே சத்தம் போட்டிருக்க வேண்டும்.

இரண்டு வாரம் ஓடியது. அப்புறம் மாலை ஆறு மணி ஆனால் போதும், இணைப்பு அறுந்து அறுந்து வரும். கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். பயனர்பெயரையும் பாஸ்வேர்டையும் மறுபடி போடச் சொன்னார்கள். போட்டேன். இன்னொரு நாள், இன்னொருவர், அதே பாஸ்வேர்டு. நாலு முறை போட்டிருப்பேன். அந்த நாலு முறையும் டி.எஸ்.எல். லைட் மினுக்மினுக்கென்று மின்னிக்கொண்டிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது. எதிர்முனையில் இருந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெரும்பாலான மோடம்களில் இரண்டு லைட்டைப் பார்த்தால் போதும். டி.எஸ்.எல். லைட் மின்னிக்கொண்டே இருந்தால், உங்கள் மோடமும் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் இருக்கும் கருவியும் ஒன்றையொன்று இன்னும் பிடிக்கவில்லை. அது வயர் சமாசாரம், அல்லது மோடம் சமாசாரம். பாஸ்வேர்டு என்பது அதற்கு அடுத்த கட்டம். டி.எஸ்.எல். லைட் அசையாமல் எரிந்து, இன்டர்நெட் லைட் மட்டும் சிவப்பாகவோ அணைந்தோ இருந்தால்தான் பயனர்பெயர், பாஸ்வேர்டு, கம்பெனியின் நெட்வொர்க்கில் எந்தத் தடத்தில் போக வேண்டும் என்று மோடத்துக்குச் சொல்லும் வி.பி.ஐ., வி.சி.ஐ. எண்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கதவே திறக்காதபோது பீரோ சாவியைத் தேடச் சொன்ன கதைதான் என்னுடையது.

மூன்றாவது கம்ப்ளைன்டுக்கு ஒரு டெக்னீஷியன் வந்தார். மோடத்தைத் தொட்டுப் பார்த்தார். “சூடா இருக்கு மேடம், போர்டு போயிடுச்சு” என்றார். மோடம் எப்போதும் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். கம்பெனி மோடம் வர பத்து நாள் ஆகும், தன்னிடம் ஒரு புது மோடம் இருக்கிறது, பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்ளலாம் என்றார். வேலை நின்றுபோகிற கவலையில் சரி என்றேன். பில் கேட்டேன், “ஆபீஸ்லேர்ந்து அனுப்புவாங்க மேடம்.” இன்றுவரை வரவில்லை.

ஒரு வாரம் கழித்து, எதையாவது தோண்டிப் பார்ப்போம் என்று பிரவுசரில் 192.168.1.1 போட்டு மோடத்தின் உள்பக்கத்தைத் திறந்தேன். இணைப்புப் பட்டியலில் இரண்டு வரி இருந்தது. ஒன்று என்னுடையது. இன்னொன்று யாரோ ஒருவருடைய பயனர்பெயர். அடியில் இருந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன்; கீழே இன்னொரு ஸ்டிக்கர், வேறு சீரியல் எண். புது மோடம் என்று எனக்கு விற்றது எவரோ கழற்றிப்போட்டதைத் துடைத்துக் கொடுத்தது.

இதோடு முடியவில்லை. அவர் எடுத்துப்போன பழைய மோடம் வாடகைக்குத் தரப்பட்டது, கம்பெனிச் சொத்து. அடுத்த பில்லில் ‘திருப்பித் தராத சாதனம்’ என்று ஒரு தொகை ஏறியிருந்தது. அதை அவர்களுடைய ஆளிடமே கொடுத்தேன் என்றால், ரசீது எங்கே என்கிறார்கள். மோடம் உங்களுடையதா வாடகையா என்பதை ஒப்பந்தத்தாளில் இன்றே பாருங்கள். வாடகை என்றால், சீரியல் எண் எழுதிய ரசீது இல்லாமல் யார் கையிலும் கொடுக்காதீர்கள், கம்பெனிச் சட்டை போட்டிருந்தாலும்.

மோடம் மாறியும் இணைப்பு அறுவது நிற்கவில்லை. ஐந்தாவது கம்ப்ளைன்டில் ஒரு பெண்மணி மிகவும் கனிவாகப் பேசினார். என்னுடைய 8 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 8 மெகாபிட் வேகம்) பிளான் சின்னது, அதனால்தான் திணறுகிறது, 16 எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மாறினால் சரியாகிவிடும் என்றார். மாறினேன். அன்று ராத்திரி ஒரு மணி நேரத்தில் ஒன்பது முறை விழுந்தது.

இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் நான் முழுதாக ஏமாந்தது இங்கேதான். மோடத்தின் உள்பக்கத்தில் ‘டி.எஸ்.எல். ஸ்டேட்டஸ்’ என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் எஸ்.என்.ஆர். மார்ஜின் என்ற எண், இரைச்சல் இன்னும் எவ்வளவு கூடினால் இணைப்பு தாங்காது என்பதை டெசிபலில் சொல்லும். 6 டெசிபல் சுற்றி இருந்தால் விளிம்பில் நிற்கிறது. 10-க்கு மேல் இருந்தால் நிம்மதி. ஒரே வயரில் வேகத்தைக் கூட்டினால் இந்த மார்ஜின் குறையும். 8-இல் ஓடும்போது எனக்கு 6, 7 என்று இருந்தது. பிளானை மாற்றியதும் மோடம் 11 எம்.பி.பி.எஸ். வரை இழுத்துப் பிடித்தது, மார்ஜின் 3-க்கு வந்தது. மாலையானால் அதே கேபிளில் ஓடும் மற்ற வீட்டு லைன்களின் இரைச்சலும் சேரும். 3 எங்கே நிற்கும்? நொண்டுகிறவனை ஓடச் சொல்லி, அதற்குக் கூடுதல் கட்டணமும் வாங்கிக்கொண்டார்கள்.

பக்கத்து வரியில் அட்டென்யுவேஷன் இருக்கும், சமிக்ஞை வழியில் எவ்வளவு தேய்ந்தது என்ற கணக்கு. ஏ.டி.எஸ்.எல்.லில் (என்னுடையது போன்ற சாதாரண டி.எஸ்.எல். வகை) கிலோமீட்டருக்குச் சுமார் 14 டெசிபல் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். எனக்கு 38 காட்டியது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வயர் தூரம் இரண்டு கிலோமீட்டர் சொச்சம் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். அதற்கு 30 பக்கம் இருந்திருக்க வேண்டும். சி.ஆர்.சி. பிழைகள், அதாவது வழியில் சிதைந்து வந்த தரவின் கணக்கு, ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கில் ஏறின.

அடுத்த நாள் எல்லாவற்றையும் கழற்றினேன். ஸ்பிளிட்டர், போன், எக்ஸ்டென்ஷன் வயர், எதுவும் வேண்டாம். லைன் வீட்டுக்குள் நுழையும் முதல் பெட்டியில், ஒரு மீட்டர் வயரில், மோடத்தை மட்டும் நேராக மாட்டினேன். அப்போதும் விழுந்தது. அந்த முதல் பெட்டிதான் எல்லைக்கோடு. அதற்கு உள்ளே இருப்பது நம் பொறுப்பு, வெளியே இருப்பது அவர்கள் பொறுப்பு என்பதுதான் பொதுவாக இருக்கும் ஏற்பாடு; என் ஒப்பந்தத்திலும் அப்படியே இருந்தது. அப்புறம் போனை மாட்டி ரிசீவரை எடுத்து, ஒரே ஒரு எண்ணை மட்டும் அழுத்தினேன். டயல் டோன் நின்றுவிடும். அதன்பின் அமைதியாக இருக்க வேண்டும். எனக்குக் காதில் கரகரவென்று பொரிகிற சத்தம். “போன்ல பேச முடியுதுல்ல மேடம், அப்ப லைன் ஓகே” என்று முன்பு ஒருவர் சொன்னது ஞாபகம் வந்தது. பேச்சு இந்தக் கரகரப்பைப் பொறுத்துக்கொள்ளும், இணையம் பொறுக்காது.

இந்த ஸ்டேட்டஸ் பக்கத்தைக் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மூன்று நாள் படம் பிடித்து எழுத்தில் புகார் அனுப்பினேன். ஏழாவது கம்ப்ளைன்ட். இந்த முறை வயதான லைன்மேன் ஒருவர் வந்தார். வீட்டுக்குள்ளேயே வரவில்லை. படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “வெளியிலதாம்மா இருக்கு” என்று சொல்லி, ஏணி போட்டுச் சுவர்ப் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே கறுப்பு டேப் பிசுபிசுத்துத் தொங்கியது. அவர் உரித்துக் காட்டினார்: இரண்டு செம்புக் கம்பிகளை விரலால் முறுக்கிவிட்டிருந்தார்கள், முறுக்கு முழுக்கப் பச்சை பூத்திருந்தது. இழுத்ததும் ஒன்று கையோடு வந்தது. அதே இணைப்பில் இன்னொரு ஜோடி வயரும் சேர்ந்து முறுக்கப்பட்டிருந்தது. எப்போதோ மாடி அறைக்கு இழுத்த பழைய லைன்; மறுமுனையில் ஒன்றுமே இல்லை. சமிக்ஞை அந்த வயருக்குள்ளும் ஓடி, முட்டுச்சந்தில் மோதித் திரும்பி வந்து நல்ல சமிக்ஞையைக் குழப்பும். குரலுக்கு இது உறைக்காது. இணைப்பு கொடுத்த முதல் நாள் இதை வெட்டிவிட்டிருக்க வேண்டும். அவர் பழைய ஜோடியை வெட்டி எறிந்தார், நல்ல கம்பி தெரியும்வரை நறுக்கி, ஈரம் புகாத ஜெல் கனெக்டர் போட்டு அழுத்தினார். இறங்கி வந்து கை துடைத்துக்கொண்டே, “எத்தனை பேர் வந்தாங்க?” என்றார். சொன்னேன். சிரிக்கவில்லை.

முந்தைய கம்ப்ளைன்டுகள் எல்லாம் ‘சரிசெய்யப்பட்டது’ என்று மூடப்பட்டிருந்தன என்பதும் அன்றுதான் தெரிந்தது. எக்ஸ்சேஞ்சிலிருந்து லைனை ஒருமுறை ரீசெட் செய்வார்கள், மோடம் கொஞ்ச நேரம் நன்றாகப் பிடிக்கும், அந்த இடைவெளியில் டிக்கெட்டை மூடுவார்கள். ‘சரியாகிவிட்டதா’ என்று குறுஞ்செய்தி வந்தால் குறைந்தது இரண்டு நாள் பார்த்த பிறகு பதில் சொல்லுங்கள். வருகிறவர் மோடத்தின் ரீசெட் துளையில் குண்டூசியை விடப் போனாலும் தடுத்துவிடுங்கள்; முதலில் அமைப்புகளைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ரீசெட் ஆனால் பயனர்பெயர், வி.பி.ஐ., வி.சி.ஐ. எல்லாம் அழிந்துவிடும். அந்த எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் ஊகித்துப் போடவும் முடியாது.

இப்போது 8 எம்.பி.பி.எஸ்.ஸுக்கே திரும்பிவிட்டேன். மார்ஜின் 14, அட்டென்யுவேஷன் 31, லைன் 26 நாளாக விழவில்லை. கூடுதல் பிளானுக்கு வாங்கியதைத் திருப்பித் தந்தார்கள். திருப்பித் தராத மோடத்துக்குப் போட்ட தொகை இன்னும் பில்லில் இருக்கிறது. உரித்த ஸ்டிக்கரின் படத்தோடு மேல்முறையீடு அனுப்பியிருக்கிறேன்; பதில் வந்தால் கீழே சேர்க்கிறேன்.