‘தரமான விரிப்பு, தகுந்த பம்பு, போதிய ஆழம்’: குளமில்லா அருவி கட்டுவோர் கவனத்துக்கு

வீட்டுத் தோட்டத்தில் குளமில்லா அருவி அமைத்துத் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் பணத்தையும் ஒரு மாதத்து நிம்மதியையும் இழந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் வேலை செய்த விதத்தைச் சொன்னாலே போதும்.

இந்த வகை அருவியில், மேலிருந்து விழும் நீர் கூழாங்கற்களுக்கு இடையே இறங்கி மறைந்துவிடும். அடியில் நீர்புகா விரிப்பு இட்ட ஒரு குழி, அதற்குள் பம்பு அமரும் துளையிட்ட பெட்டி, அங்கிருந்து நீரை மேலே ஏற்றும் குழாய் ஆகியவைதான் உள்ளமைப்பு. திறந்த நீர்ப்பரப்பு இல்லாததால் சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஏற்றது என்று நம்பியே இதைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் வேலை முடிந்தபின் கண்ணுக்குத் தெரிவன கல்லும் நீரும் மட்டுமே என்பதால், ஏய்க்க நினைப்பவருக்கு இதைவிட வசதியான வேலை அமையாது.

அவர் தந்த மதிப்பீட்டுத் தாளில் ‘தரமான விரிப்பு, தகுந்த பம்பு, போதிய ஆழம்’ என்று எழுதியிருந்தது. அடைமொழிகள் இருந்தனவே தவிர, தொகையைத் தவிர்த்து ஓர் எண் கூட அதில் இல்லை. அப்போது எனக்கு அது உறுத்தவில்லை. குழி ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழம் என்றும், ஆகவே 900 லிட்டர் நீர் நிற்கும் என்றும் வாயால் சொன்னார். நானும் பெருக்கிப் பார்த்துச் சரியென்று தலையாட்டினேன். குழி நிறையக் கல்லைக் கொட்டிவிட்டால் கற்களின் இடைவெளியில் மட்டுமே நீர் நிற்கும், அந்த இடைவெளி மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்பதை அவர் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பின்னர் தோண்டிப் பார்த்தபோது ஆழமும் 40 சென்டிமீட்டர்தான் இருந்தது. ஆக, 900 லிட்டர் என்று சொல்லப்பட்ட குழியில் நின்றது சுமார் 200 லிட்டர். அதிலும் பம்பு மூழ்கியிருப்பதற்கென்று அடியில் விட்டுவைக்க வேண்டிய நீரைக் கழித்தால் ஓடுவதற்கு மிஞ்சியது இன்னும் குறைவு. அருவிக்கு நீரைக் கொண்டுவரும் ஓடையிலும் அருவியிலும் ஒரே நேரத்தில் எவ்வளவு நீர் இருக்குமோ, அதைப்போல் இரண்டு மடங்காவது குழியில் இருக்க வேண்டும் என்பது இந்த வேலையின் அடிப்படைக் கணக்கு.

அப்படியானால் முதல் நாள் அருவி எப்படி ஓடியது என்று கேட்பீர்கள். மேல்தளப் பாறைக்குப் பின்னால் தோட்டத்து ரப்பர் குழாயைச் செருகி, நீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். நான் அந்த ஓசையில் மயங்கி மீதித் தொகையை அன்றே கொடுத்தேன். மூன்றாம் நாள் நீர் நின்று, பம்பு வறட்டு இரைச்சல் போட்டது. நீருக்குள் அமிழ்ந்து ஓடும் பம்புக்குச் சுற்றியுள்ள நீரே குளிர்ச்சி தருவதால், வறண்டு ஓடினால் அது விரைவில் எரிந்துவிடும். என்னுடையது எரிவதற்குள் நிறுத்தியது என் அதிர்ஷ்டம்.

தொலைபேசியில் கேட்டபோது, வெயிலில் ஆவியாகிறது என்றார். ஆவியாதலும் தெறிப்பும் உண்மையே என்றாலும், மூன்று நாளில் ஒரு குழி நீரை அவை குடித்துவிடா. ஆகவே பம்பை நிறுத்தி, குழியை விளிம்பு வரை நிரப்பி, பெட்டியின் உட்சுவரில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்து வைத்தேன். காலையில் நீர் ஒரு சாண் இறங்கி, அதற்குமேல் இறங்காமல் நின்றது. ஓட்டை எந்த மட்டத்தில் இருக்கிறதோ அங்கேதான் நீர் நிற்கும் என்பதால் தேடுவது எளிதாயிற்று. கற்களை அகற்றியபோது, அந்த உயரத்தில் ஒரு கூர்ங்கல் விரிப்பைக் கிழித்திருந்தது. அடியில் விரிக்க வேண்டிய தடித்த பாதுகாப்புத் துணி எங்குமே இல்லை. விரிப்பும், குளங்களுக்கென்று செய்யப்படும் சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள இ.பி.டி.எம். ரப்பர் அன்று, வெறும் பாலித்தீன் தாளை இரண்டாக மடித்திருந்தார்கள். இரண்டும் கறுப்பு என்பதால் பார்வைக்கு வேறுபாடு தெரியாது; ஒரு துண்டைக் கையில் வாங்கி இழுத்துப் பார்த்தால் ரப்பர் நீண்டு பழைய நிலைக்குத் திரும்பும், தாள் திரும்பாது.

ஓடைப் பகுதியில் அந்தத் தாளும் இல்லை. குழியிலிருந்து எடுத்த மண்ணைத் திமிசால் இடித்து இறுக்காமல் மேடாகக் குவித்து, அதன்மேல் சிமென்ட் கலவை பூசிக் கற்களைப் பதித்திருந்தார்கள். மண் அமர அமரக் கலவை வெடித்தது. வெடிப்பு வழியே நீர் மேட்டுக்குள் இறங்கியது.

பம்பின் கதை சுருக்கமானது. அது வந்த அட்டைப்பெட்டியில் மணிக்கு 4,000 லிட்டர், அதிகபட்ச உயரம் 2 மீட்டர் என்று அச்சிட்டிருந்தது. அந்த 4,000 லிட்டர் உயரமே ஏற்றாதபோது கிடைப்பது. 2 மீட்டரில் கிடைப்பது சுழியம். என் அருவியின் உயரம் 1.4 மீட்டர். பத்து லிட்டர் வாளி நிறைய 40 வினாடி பிடித்தது, அதாவது மணிக்கு 900 லிட்டர். 40 சென்டிமீட்டர் அகல விளிம்பில் நீர் திரைபோல் விழ, சென்டிமீட்டருக்கு 150 லிட்டர் வீதம் மணிக்கு 6,000 லிட்டர் வேண்டும். எனக்குக் கிடைத்தது பாறையில் வழியும் ஈரம்.

இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வேன். மின்கம்பியை ஒட்டுநாடா சுற்றி இணைத்து, ஈரக் கற்களுக்கு அடியில் புதைத்திருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் பொருத்தப்படவில்லை. குழந்தைகளுக்காகத் தேர்ந்தெடுத்த அருவி அது.

அவரைக் கடைசியாக அழைத்தபோது, தாளில் எழுதியதையெல்லாம் செய்து முடித்ததாகச் சொன்னார். தாளைப் புரட்டினேன், மறுக்க வழியில்லை. இப்போது கற்கள் சுவரோரம் குவிந்து கிடக்கின்றன. வேறொருவரிடம், ஒவ்வொரு பொருளுக்கும் அளவும் தடிப்பும் எழுதி வாங்கி, குழியை ஆழப்படுத்திப் புதிய விரிப்பு இட்டாயிற்று. அதில் நீர் நிரப்பிக் கோடு கிழித்திருக்கிறேன். மூன்று நாள் அந்தக் கோட்டை ஒட்டியே நீர் நின்றால்தான் முதல் கல் உள்ளே இறங்கும். அதற்குப் பிறகே இரண்டாம் தவணை.