டேபிளுக்கு மேல தொங்குற லைட்: மூணு வருசம் ஆடிப் பாத்த கதை

போன வாரம் வயர்மேன் தம்பி ஸ்டூல் மேல ஏறி, எங்க டைனிங் டேபிள் லைட்டோட மேல் கிண்ணத்தைக் கழட்டினதுமே கேட்டாப்ல: "ஏனுங்கண்ணா, இதை யாருங்க மாட்டுனது?"

நான்தான். மூணு வருசத்துக்கு முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழமை, வீட்ல யாரும் இல்லாத நேரமாப் பாத்து.

வயர் கிண்ணத்துக்குள்ள நுழையற ஓட்டையில தகர விளிம்பு உரசி உரசி, மேல் உறை அறுந்து, உள்ள இருக்கற சிவப்பு வயர் எட்டிப் பாத்துட்டு இருந்துச்சு. இன்னொரு ஆடி மாசம் தாங்கியிருக்காது. அதே நேரத்துல, கோபியில வீடு கட்டிட்டிருக்கற மாப்ள போன் பண்ணி, "நம்மூட்லயும் அந்தமாரி ஒண்ணு தொங்க விடலாமுங்களா மச்சான்?"னு கேட்டாரு. போன்ல சொல்லி முடியல, அதான் எழுதறேன்.

எங்களுது சீலிங்ல ஒட்டி மாட்டற சாதாத் தகரக் குடை லைட்டு. நாலு இஞ்ச் தண்டு. அந்தத் தண்டைக் கழட்டிட்டு சங்கிலி போட்டேன், அவ்வளவுதான் வேலை. சீலிங் பத்தடி, அதாவது 120 இஞ்ச். டேபிள் உயரம் 30. டேபிளுக்கு மேல 32 இஞ்ச் விட்டா எதிர்ல உக்காந்திருக்கறவங்க மூஞ்சியும் மறையாது, பல்பும் கண்ணுல குத்தாது. குடைக்கு 12 போக மிச்சம் 46 இஞ்ச் சங்கிலி. வயரை ஒரு அடி கூடுதலா விட்டு சங்கிலிக்குள்ள கோத்து விட்டேன், எடை வயர் மேல விழுகக்கூடாதுன்னு. இதெல்லாம் சரியாத்தான் பண்ணியிருக்கேன். மூணு கோர் வயர் வாங்கிட்டு மூணாவதை, அதாவது ஷாக் அடிக்காமக் காப்பாத்தற எர்த் வயரை, வெட்டி விட்டதுதான் தப்பு. மேல பாயிண்ட்ல எர்த்தே வரல, என்ன பண்றதுன்னு விட்டுட்டேன். "தகரக் குடைங்கண்ணா, கை கழுவிட்டு ஈரக் கையோட தொடுவீங்க"ன்னு தம்பி திட்டினாப்ல. திட்டு வாங்கிக்க வேண்டியதுதான். இப்ப பிளக் பாயிண்ட்ல இருந்து எர்த் இழுத்தாச்சு.

நல்லதையும் சொல்லோணும். முன்ன 12 வாட்ஸ் வெள்ளை பல்பு மேல இருந்து எரியும், அவனவன் தலை நிழல் அவனவன் தட்டுல விழுகும். இப்ப 5 வாட்ஸ் மஞ்ச பல்பு, பெட்டியில 2700 கெல்வின்னு (வெளிச்சத்தோட நெறத்துக்கான அளவு) போட்டது. தூரம் பாதியானா வெளிச்சம் நாலு மடங்குன்னு பள்ளிக்கூடத்துல படிச்சது இந்த டேபிள்லதான் நெசமாச்சு. அமராவதி டேம் ஜிலேபி மீன்ல முள்ளு ஒண்ணொண்ணும் தெரியுது. அரிசிம்பருப்பு சோத்துல நெய்யை ஊத்தினா, அடடா, அந்த நெறம்! பசங்க வீட்டுப்பாடம், அம்மா அவரைக்காய் நார் எடுக்கறது, எல்லாமே அந்த வெளிச்ச வட்டத்துக்குள்ள வந்துருச்சு. ஹால் டிவி தனியாப் பேசிட்டிருக்கும்.

ஆனா ஆடுது. ஆடிட்டே இருக்குது.

ஃபேன் ரூமுக்கு நடுவுல, லைட் அதுல இருந்து மூணடி. றெக்கை முனைக்கும் சங்கிலிக்கும் ஒரு அடிதான் இடைவெளி. ஃபேனைப் போட்டா லைட் மெதுவா வட்டம் போட ஆரம்பிக்கும். தட்டு, டம்ளர், உப்புச் சாடி எல்லாத்தோட நிழலும் கூடவே சுத்தும். சாப்புட்டு எந்திரிச்சா எனக்குத் தலை கிறுகிறுங்கும். சரின்னு ஃபேனை நிறுத்தினா? உடுமலைக்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். வைகாசிக் கடைசியில இருந்து பாலக்காட்டுக் கணவாய்க் காத்து. ஊரைச் சுத்திக் கரண்டு எடுக்கற காத்தாடி சும்மாவா நட்டு வெச்சிருக்காங்க? ஜன்னல் ஒரு சாண் தொறந்தா போதும், லைட்டுக்கு ஊஞ்சல். அம்மாவுக்கு அது வேற வெசனம்: "வெறுந்தொட்டிலாட்ட ஆடிட்டுக் கெடக்குது, ஆகாது சாமி."

குடைக்குள்ள அரைக்கிலோ படிக்கல்லைக் கட்டிப் பாத்தேன். ஆட்டம் கொறைஞ்சுச்சு, நிக்கல. தூண்டில் நரம்பால செவுத்து ஆணியில இழுத்துக் கட்டினேன், ஆட்டைக் கட்டுத்தறியில கட்டுன மாதிரி இருந்துச்சு, ரெண்டே நாள்ல அவுத்துட்டேன். ஃபேனை ரெண்டுல வெச்சா சித்திரை வெய்யில்ல என்னையத் தொங்க விட்டுருவாங்க. இந்த ஆட்டந்தான் கடைசியில வயரையும் அறுத்தது.

தம்பி சுளுவா ஒரு வழி சொன்னாப்ல: ஃபேன் கடையில நீள ராடு கெடைக்கும், வெட்டி மாட்டிரலாம், அசையாது.

அங்கதான் சிக்கல். ஒறம்பரை வந்தா எங்கூட்ல டேபிளைச் செவுத்தோரம் தள்ளிட்டு, தரையில இலை போட்டுப் பந்தி. டேபிள் போயிட்டா லைட் அடிப்பாகம் தரையில இருந்து அஞ்சடி ரெண்டு இஞ்ச், சரியா நெத்தி. முதல் வருசம் காதுகுத்துக்கு வந்த பெரிய மாமாவுக்கு வீங்கியே போச்சு. அப்பறம் சங்கிலியோட அடி வளையத்தை மேல் கொக்கியில தூக்கி மாட்டப் பழகிட்டோம். பத்து செகண்ட் வேலை. ராடு போட்டா முடியுமா?

மாப்ளைக்கு என் பதில்: நீங்க ராடே போடுங்க. சிலாப் போடறதுக்கு முன்னாடியே டேபிள் எங்கன்னு முடிவு பண்ணி, எர்த் வயரோட அங்க ஒரு பாயிண்ட் விடச் சொல்லுங்க. ஃபேனை அதுக்கு எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ தள்ளுங்க. சங்கிலியை மட்டும் வாங்கிராதீங்க, மூணு வருசம் பட்டவன் சொல்றேன்.

எங்கூட்ல ஓட்டைக்கு ரப்பர் புஷ் போட்டு, வயரைப் புதுசா மாத்தி, பழைய சங்கிலியையே திரும்ப மாட்டியாச்சு. தம்பி கூலியை வாங்கிட்டு, ஒரு மாதிரியாப் பாத்துட்டுப் போனாப்ல. இதை எழுதிட்டிருக்கறப்ப அம்மா வந்து, லைட்டை ஒரு பார்வை பாத்துட்டு, ஃபேனை நிறுத்திட்டுப் போயிட்டாங்க.