இல்லி கிளாசிகோ: சர்க்கரை இல்லாமலே இனிக்கும் எஸ்பிரஸோ

இத்தாலியின் திரியெஸ்தே நகரில் 1933-இல் தொடங்கிய இல்லி காபி நிறுவனத்தின் கிளாசிகோ, அராபிகா வகைக் காபிக் கொட்டைகள் மட்டுமே சேர்ந்த கலவை. நடுத்தர வறுவல். எஸ்பிரஸோ இயந்திரத்தில் சரியாக இறங்கினால் கேரமல் இனிப்பு முன்னால் வரும், விழுங்கிய பிறகு மெல்லிய பூ மணம் தங்கும். புளிப்பு மிகக் குறைவு.

அரைத்த தூளை விட 250 கிராம் டப்பாவில் வரும் முழுக்கொட்டையையே வாங்குங்கள். 18 கிராம் தூள், 93 டிகிரி நீர், 28 முதல் 30 விநாடியில் கோப்பையில் 36 கிராம்: இங்கிருந்து தொடங்கலாம். நாக்கின் ஓரம் கூசும் அளவுக்குப் புளித்தால், நீர் வேகமாக ஓடிவிட்டது என்று அர்த்தம். இன்னும் நைசாக அரையுங்கள். தொண்டையில் கசப்பு ஒட்டினால் அரைப்பைச் சற்றே கொரகொரப்பாக்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது முக்கியம்.

அடியில்லாத போர்ட்டாஃபில்டர் (தூளை நிரப்பி இயந்திரத்தில் மாட்டும் கைப்பிடி) இருந்தால் கவனியுங்கள்: காபி நடுவில் ஒன்றுகூடி, தேன் போல ஒரே இழையாக இறங்க வேண்டும். பக்கவாட்டில் பீய்ச்சி அடித்தால் தூளில் கட்டி இருக்கிறது. அழுத்தும் முன் மெல்லிய ஊசியால் கிளறிச் சமப்படுத்துங்கள்.

டப்பாவுக்குள் மந்த வாயு அடைத்திருப்பதால் திறக்கும்வரை மணம் நன்றாகவே நிற்கிறது. திறந்த பின் நாளாக ஆக கொட்டைக்குள் இருக்கும் கரியமில வாயு வெளியேறி க்ரீமா (காபியின் மேல் நிற்கும் நுரை) மெலியும், நீரும் வேகமாக ஓடும். அரைப்பை அதற்கேற்ப நைசாக்கி, இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பாலோடு குடிப்பவர்களுக்கு இது சற்று மென்மை. 120 மில்லி பாலுக்கு மேல் போனால் அந்தக் கேரமல் காணாமல் போகிறது.