பாஸ் ராட் வாங்கறவங்களுக்கு: 50 டாலர் ராட், 200 டாலர் ராட், ரெண்டையும் சில வருஷம் வச்சு அடிச்ச அனுபவம்

டல்லாஸ்ல புதுசா மீன் புடிக்க ஆரம்பிக்கற நம்மாளுங்க யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான், பாஸ் மீனுக்கு எந்த ராட் (தூண்டில் கம்பு) வாங்கலாம், சென்சிடிவிட்டி எப்படி, அதாவது தண்ணிக்கு அடியில நடக்கறது கைக்கு எவ்ளோ தெரியும். என் பதிலும் எப்பவும் ஒண்ணுதான், மொதல்ல பேலன்ஸ் பாருங்க, அதாவது நுனி கனமா இருக்கா இல்லையான்னு, சென்சிடிவிட்டி அப்புறம். இதை ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிடறேன்.

என்கிட்ட இப்ப ஓடிட்டிருக்கறது அக்லி ஸ்டிக் ஜிஎக்ஸ்2, டாபின்ஸ் ப்யூரி 703, ஷிமானோ சோடியாஸ் (200 டாலர் ராட் இதுதான்). மூணுமே 7 அடி, மூணுமே பெய்ட்காஸ்டர் ரீல் (ராட் மேல உக்கார்ற வகை) போடற ராட். டாபின்ஸ் நம்பரைப் பார்த்து பயப்படாதீங்க, 70ன்னா 7 அடி 0 இன்ச், கடைசில இருக்கற 3 அதோட பவர், அதாவது எவ்ளோ விறைப்புங்கறது, அவ்ளோதான். மீன் புடிக்கறது வாரநாள் சாயங்காலம் லூயிஸ்வில் ஏரி, சனிக்கிழமைன்னா லேக் ஃபோர்க் ஏரி.

லேக் ஃபோர்க்க ஏன் சொல்றேன்னா ராட்டை டெஸ்ட் பண்ண அதை விட நல்ல இடம் கிடையாது. 1980ல தண்ணி தேக்குன ஏரி, 27,000 ஏக்கர் இருக்கும், உள்ள இருந்த மரங்கள்ல நிறைய அப்படியே நிக்குது, 1992ல புடிச்ச 18.18 பவுண்ட் டெக்சஸ் ரெக்கார்ட் பாஸ் இங்க வந்ததுதான். அடியில மரக்கிளை, வேர், ஹைட்ரில்லா பாசி, களிமண்ணுன்னு எல்லாம் கலந்து கெடக்கும், டெக்சஸ் ரிக்ல (முன்னாடி வெயிட் போட்டு, கொக்கி முனைய புழுக்குள்ளயே மறைக்கற முறை) ரப்பர் புழுவ மாட்டி இழுக்கும்போது எது கிளை எது பாசி எது மீனுன்னு கையிலதான் தெரியணும், கண்ணுல ஒண்ணும் தெரியாது.

பாஸ் நம்ம ஊரு கெளுத்தி மாதிரி வெடுக்குன்னு இழுத்துட்டு ஓடும்னு எதிர்பார்க்காதீங்க. வாயைத் திறந்து தண்ணியோட சேர்த்து உள்ள உறிஞ்சும், புடிக்கலன்னா துப்பிடும், எல்லாம் கண்ணிமைக்கற நேரம். சில நேரம் லைன்ல (தூண்டில் நரம்புல) ஒரு 'டக்', சில நேரம் அதுவும் கிடையாது, இவ்ளோ நேரம் இருந்த வெயிட் திடீர்னு காணாம போகும். சோடியாஸ்ல சுட்டுவிரலை ரீலுக்கு முன்னாடி ராட் மேல வச்சுட்டு இழுத்தா, வெயிட் கிளை மேல ஏறி அந்தப் பக்கம் விழறது வரைக்கும் தனியா தெரியுது, ஏறும்போது ஒரு இறுக்கம், விழும்போது சின்னதா ஒரு 'டொக்'. ப்யூரில அந்த 'டொக்' தெரியும், ஏறற இறுக்கம் கொஞ்சம் மங்கலா இருக்கும். அக்லி ஸ்டிக்ல ரெண்டும் சேர்ந்து ஏதோ இடிச்சதுன்னு மட்டும் தெரியும், அது கார்பனோட கண்ணாடி நாரும் கலந்த ராட், கண்ணாடி நார் அதிர்வை முழுங்கிடும், அந்த வகை ராட் எல்லாமே அப்படித்தான்.

சரி, அப்ப சோடியாஸ் தான் பெஸ்ட்டான்னா, இங்கதான் பேலன்ஸ் வருது. ஜிக் (வெயிட் தலை வச்ச கொக்கி), ரப்பர் புழு இதெல்லாம் அடிக்கும்போது ராட் நுனி மேல தூக்கியேதான் இருக்கும், அதுவும் மணிக்கணக்கா. நுனி கனமா இருக்கற ராட்னா துடைப்பத்தை ஒரு முனையில புடிச்சு நேரா நீட்டிட்டே நிக்கற மாதிரி, நம்மளை அறியாமலே கைப்பிடிய இறுக்கிப் புடிப்போம், இறுக்கிப் புடிச்ச கைக்கு மெல்லிசான அதிர்வு எதுவும் ஏறாது. 150 டாலருக்கு வாங்குன இன்னொரு ராட் என்கிட்ட இருந்துச்சு, பேர் வேண்டாம், கார்பன் சூப்பர் கார்பன், காலைல எல்லாம் தெரியும், பத்து மணிக்கு மேல மணிக்கட்டு கடுக்க ஆரம்பிச்சா அந்த ராட்டும் ஒண்ணுதான் குச்சியும் ஒண்ணுதான். அதே நேரத்துல விலை கம்மியான ப்யூரி கையில இருக்கறதே தெரியாம இருக்கும், மத்தியானம் வர்ற கடியெல்லாம் எனக்கு ப்யூரிலதான் நிறைய தெரிஞ்சிருக்கு.

கடையில பாக்கறது ரொம்ப சுலபம். நீங்க போடப்போற ரீலையே கொண்டுபோய் மாட்டி, ரீலுக்கு சரியா முன்னாடி ஒரு விரலை அடியில குடுத்துப் பாருங்க. கிட்டத்தட்ட அங்கயே நின்னா நல்ல ராட், விரல் ஒரு சாண் முன்னாடி போனாத்தான் நிக்குதுன்னா நுனி கனம். ரீல் இல்லாம பாத்தீங்கன்னா ஒண்ணும் தெரியாது, 200 கிராம் ரீல் ஏறுனா மொத்தமும் மாறிடும். சில பேர் ராட் பின்னாடி வெயிட் ஒட்டி சரி பண்ணுவாங்க, வேலை செய்யும்தான், ஆனா மொத்த எடை ஏறிடும். ஏழரை அடி ஃப்ளிப்பிங் ராட் (கிட்ட இருக்கற புதருக்குள்ள தூண்டில மெதுவா போடறதுக்கான ராட்) வாங்கறவங்க கொஞ்சம் நுனி கனத்துக்குத் தயாரா இருங்க, நீளம் கூடுனா அது வரத்தான் செய்யும்.

இவ்ளோ சொல்லிட்டு அக்லி ஸ்டிக்க ஏன் இன்னும் வச்சிருக்கேன்னா, க்ராங்க்பெய்ட்டுக்கு, அதாவது இழுக்க இழுக்க ஆடிக்கிட்டே முங்கி வர்ற மீன் மாதிரி தூண்டிலுக்கு, அதுதான். அந்தத் தூண்டில்ல மும்முனைக் கொக்கி, பாஸ் தலையை ஆட்டுனா ஈசியா கழண்டுரும், ராட் கொஞ்சம் வளைஞ்சு குடுத்தா கொக்கி வாயிலயே நிக்கும், விறைப்பான கார்பன் ராட்ல இழுத்தா பிச்சுக்கிட்டு வந்துரும். இழுக்கும்போது ராட் நுனியும் கீழதான் இருக்கும், அதனால பேலன்ஸ் தலைவலியும் கிடையாது. 50 டாலர் சுத்தி விலை, கார் டிக்கில எப்படிப் போட்டாலும் ஒண்ணும் ஆகல, பையன் மிதிச்சும் உடையல.

விலையைப் பத்தி. ப்யூரி, சோடியாஸ் ரெண்டுக்கும் நடுவுல 80, 90 டாலர் வித்தியாசம் வரும். அந்தக் காசுக்கு சென்சிடிவிட்டி கூடுதான்னா கூடுது, ஆனா அதே காசுல நல்ல ஃப்ளோரோகார்பன் லைனும் டங்ஸ்டன் வெயிட்டும் வாங்கி ப்யூரில போட்டா வித்தியாசம் பாதிக்கு மேல சுருங்கிடும்ங்கறது என் கணக்கு. ஈயம் மெத்து, இடிச்சா சத்தத்தை அதுவே அமுக்கிடும், டங்ஸ்டன் கெட்டி, அதே எடைக்கு சைசும் சின்னது, பாறையில பட்டா அப்படியே கைக்கு வரும். 10 டாலர் நைலான் லைன் போட்டுட்டு 200 டாலர் ராட்ல ஒண்ணும் தெரியலங்கறவங்களை நிறைய பாத்துட்டேன், நைலான் நல்லா இழுபடும், என்ன பண்றது. 500 டாலருக்கு மேல போற ஜி. லூமிஸ் என்ஆர்எக்ஸும் ஒரு நண்பர்கிட்ட வாங்கி அடிச்சுப் பாத்தேன், அருமையான ராட், மறுப்பே இல்ல. ஆனா லேக் ஃபோர்க்ல 16 இன்ச்ல இருந்து 24 இன்ச் வரைக்கும் உள்ள பாஸ் எல்லாத்தையும் தண்ணில விட்டுரணும்னு சட்டம், விட்டுட்டு வர்ற மீனுக்கு 500 டாலர் ராட்டான்னு வீட்ல கேட்டா என்கிட்ட பதில் கிடையாது.

மேல சொன்ன பேர் வேண்டாத ராட்ல கடைசியா நுனி வளையத்தோட உள்பக்க ரிங் கழண்டு விழுந்துருச்சு, நான் கவனிக்கறதுக்குள்ள பிரெய்ட் லைன் (பின்னுன நூல் லைன்) நார் நாரா கிழிஞ்சு, நல்ல மீன் ஒண்ணு அறுத்துட்டுப் போச்சு. அதனால செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்க கையோட காது குடையற பஞ்சுக்குச்சி ஒண்ணு கொண்டுபோங்க, ஒவ்வொரு வளையத்துக்குள்ளயும் விட்டுச் சுத்துங்க, விரிசல் இருந்தா பஞ்சு மாட்டிக்கும். கார்பன் மேல நகத்தையும் ஓட்டிப் பாருங்க, படகு விளிம்புல இடிச்ச சின்னப் பள்ளம் இருந்தாலும் வாங்காதீங்க, மெல்லிசான விலை கூடுன கார்பன் அந்த எடத்துலதான் பின்னாடி ஒரு நாள் பெரிய மீன் இழுக்கும்போது உடையும்.