மலிவு போனா, இலவச இன்கமிங்கா?

வளரும் நாடுகளில் செல்போன் சந்தாதாரர் எண்ணிக்கை எப்படி எகிறியது என்று கேட்டால், பலரும் மலிவான போனைத்தான் காட்டுவார்கள். இல்லை, கட்டண முறைதான் காரணம் என்பது எதிர்க்கட்சி. நான் எதிர்க்கட்சி.

போன் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. 2003இல் வந்த நோக்கியா 1100ஐப் பாருங்கள். தூசி புகாத கீபேட், வியர்த்த கையிலும் வழுக்காத பக்கங்கள், உச்சியில் ஒரு டார்ச். 25 கோடிக்கு மேல் விற்றது. ஆனால் போன் ஒருமுறைச் செலவு. பழையதை வாங்கலாம், அண்ணன் ஒதுக்கிப் போட்டதை வாங்கிக்கொள்ளலாம். மாதக் கடைசியில் பில் எவ்வளவு வருமோ என்ற பயம் அப்படித் தீராது.

அதைத் தீர்த்தது பிரீபெய்டு. போஸ்ட்பெய்டுக்கு நிலையான வருமானம், முகவரி எல்லாம் காட்ட வேண்டும். தினக்கூலிக்காரர் எங்கே போவார்? பிரீபெய்டுக்குக் கையில் இருக்கும் சில்லறை போதும்.

அப்புறம் இன்கமிங். இந்தியாவில் 1995இல் செல்போன் வந்தபோது, வரும் அழைப்புக்கும் காசு. 2003இல்தான் அழைப்பவர் மட்டும் கட்டும் முறை வந்தது. மறு வருடமே செல்போன் லேண்ட்லைனை முந்திவிட்டது. (அதே சமயம் கட்டணப் போரும் நடந்தது, முழுப் பெருமையும் இந்த விதிக்குச் சேராது.) மெக்சிகோ 1999லேயே இதற்கு மாறியிருந்தது. இதில் பலர் கவனிக்காத சூட்சுமம் ஒன்று உண்டு. வேறு நிறுவனத்து எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், அழைத்தவரின் நிறுவனம் அழைப்பைப் பெற்றவரின் நிறுவனத்துக்குச் சிறு தொகை கொடுக்க வேண்டியிருந்தது (இந்தியாவில் 2020 முடியும்வரை). ஆக, பேலன்ஸில் கை வைக்காமல் மிஸ்டு கால் கொடுத்துவிட்டு, எதிராளி திருப்பி அழைக்கக் காத்திருந்தவரும் நிறுவனத்துக்கு வருமானம்தான். அப்படிப்பட்டவரையும் தேடிப் பிடித்துச் சேர்ப்பது லாபமாகிவிட்டது.

இரண்டு கட்சிக்கும் அடங்காதது மியான்மர். ராணுவ ஆட்சியில் ஒரு சிம் வாங்கவே ஒரு காலத்தில் ஆயிரம் டாலருக்கு மேல் ஆனது. 2014இல் ஊரீடூ, டெலினார் என்ற இரண்டு வெளிநாட்டு நிறுவனங்கள் நுழைந்ததும் அதே சிம் 1,500 கியாட், சுமார் ஒன்றரை டாலர். போட்டியே இல்லாத இடத்தில் போன் விலையைப் பேசி என்ன பயன்?

சரி, போன் கட்சிக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். சந்தாதாரர் கணக்கு என்பது பெரும்பாலும் சிம் கணக்கு. இரண்டு சிம் போடும் மலிவு போன் வந்த பிறகு, ஆள் ஒருவர், கணக்கில் இருவர். அந்த வளர்ச்சி முழுக்க போன் கொடுத்ததுதான்.